அபிப்பிராயப்பட்டவர் யார்?

திருவனந்தபுரத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தால் மறுநாள் காலை அந்தச் செய்தியை மூன்று மொழிகளில் படிக்கலாம். ஆங்கில நாளிதழ், பேச்சாளர் இன்னதென்று 'ஒப்பைண்ட்' என எழுதும். மலையாள நாளிதழ் 'அபிப்ராயப்பெட்டு' என்று வாக்கியத்தை முடிக்கும். தமிழ் நாளிதழில் அதே மனிதர் 'கருத்துத் தெரிவித்தார்'. பேச்சு ஒன்றுதான், பேசியவரும் ஒருவர்தான். ஆனால் அந்தக் கருத்துக்கும் அவருக்கும் என்ன உறவு என்பதை மூன்று வினைகளும் மூன்று விதமாக வைக்கின்றன. கருத்து அவர் செய்ததா, அவருக்கு நேர்ந்ததா, அவரிடமிருந்து வெளியே அனுப்பப்பட்டதா? காபியோடு பேப்பர் படிக்கிறவருக்கு இந்த வேறுபாட்டால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கருத்து யாருடையது, எதன் பேரில் சொல்லப்பட்டது என்று கேட்டே ஆகவேண்டிய இடங்களில்தான், அதாவது ஆய்வேட்டிலும் நீதிமன்றத்திலும், இந்த வினைகளின் குணம் தெரியவருகிறது.

ஆங்கில வினையிலிருந்து தொடங்குவோம். 'ஒப்பைன்' லத்தீனின் 'ஒபினாரி' என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நாம் அன்றாடம் பேச்சில் கலக்கும் 'ஒப்பீனியன்' அதன் உடன்பிறப்பு. இன்றைய ஆங்கில அகராதிகள் இந்த வினையின் பக்கத்தில் முறைசார்ந்த வழக்கு என்ற குறிப்பைப் போடுகின்றன. லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒருவர் சாதாரணப் பேச்சில் இதைக் கையாண்டால், சொல்லப்படுகிறவரைக் கொஞ்சம் கிண்டல் செய்கிறார் என்றே பெரும்பாலும் பொருள்: பெரிய மனிதத் தோரணையில் வாயைத் திறந்தார் என்பதுபோல. இந்திய ஆங்கிலத்தில் அந்தச் சிரிப்பு கிடையாது. நீதிமன்ற உத்தரவு, மருத்துவச் சான்று, தலைமைச் செயலகக் கோப்பில் எழுதும் குறிப்பு, நாளிதழின் மூன்றாம் பக்கம் என எங்கும் அது முழு மரியாதையோடு நடமாடுகிறது. 'சொன்னார்' என்பதையே பத்து முறை எழுதக் கூசும் நிருபருக்கு அது கைகொடுக்கிறது என்பது ஒரு காரணம். பதவியில் இருப்பவர் வெறுமனே சொல்லிவிட்டார் என்று எழுதினால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கமும் உண்டு. இந்தத் தயக்கம் நம்முடையது, ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்தது. திருவனந்தபுரம் 2009 முதல் தொடர்ந்து மக்களவைக்கு அனுப்பிவரும் சசி தரூர், அரிய ஆங்கிலச் சொற்களைக் குறித்து 2020இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அவருடைய சொற்களைத் தேடி நாடே அகராதியைப் புரட்டியது. ஒப்பைனுக்கு அகராதி தேவைப்படவில்லை என்பதே அது நம்மோடு எவ்வளவு பழகிவிட்டது என்பதைக் காட்டும்.

அதன் இலக்கணம் சுருக்கமானது, ஆனால் விசித்திரமானது. பின்னால் ஒரு முழு வாக்கியத்தை ஏற்கும்: இன்னது இப்படி என்று ஒப்பைன் செய்தார். ஒரு பொருளைப் பற்றி ஒப்பைன் செய்யலாம். மேற்கோள் குறிக்குள் இருக்கும் பேச்சின் முன்போ பின்போ நிற்கலாம். அவ்வளவுதான். 'என்னிடம் சொன்னார்' என்பதுபோல் கேட்பவர் ஒருவரை நேராக அதன் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது. ஒப்பைன் செய்கிறவர் யாரை நோக்கியும் பேசுவதில்லை, சபையை நோக்கிப் பேசுகிறார். சொல், யோசி, நினைத்துப்பார் என்று ஒருவருக்கு ஆணையிடலாம், ஒப்பைன் செய் என்று ஆணையிட முடியாது. எல்லாவற்றையும்விட விசித்திரம், அது தன்மையில் நிற்காதது. அவர் ஒப்பைன் செய்தார் என்பது இயல்பு. நான் ஒப்பைன் செய்கிறேன் என்றால் ஆங்கிலேயர் காதில் நாடக வசனம்போல் விழும்.

இதற்கான விளக்கத்தின் முதல் பாதியை ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி ஜே. ஓ. அர்ம்சன் 1952இல் 'மைண்ட்' இதழில் எழுதினார். நம்புகிறேன், ஊகிக்கிறேன், நினைக்கிறேன் போன்றவை தன்மையில் வரும்போது மனதுக்குள் நடப்பதை அறிவிப்பதில்லை என்றார் அவர். வாக்கியத்தை எவ்வளவு உறுதியோடு எடுத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்பவருக்குக் காட்டும் குறிப்பாகவே அவை நிற்கின்றன. எமில் பென்வெனிஸ்த் 1958இல் பிரெஞ்சில் எழுதிய கட்டுரை மற்றொரு பாதியைத் தந்தது. 'மழை வருமென்று நினைக்கிறேன்' என்பவர் மழையைப் பற்றித்தான் பேசுகிறார். 'மழை வருமென்று அவர் நினைக்கிறார்' என்பவர் அந்த மனிதரைப் பற்றிப் பேசுகிறார். தன்மையில் கருத்து, படர்க்கையில் கருத்தைப் பற்றிய தகவல். ஒப்பைன் இந்த இரண்டாம் வேலைக்கு மட்டுமே பழகிய வினை. பிறர் கருத்தை, அவர் நினைத்தார் என்றும் சொன்னார் என்றும் ஒரே சொல்லில் பதிவு செய்ய அது உதவும். இந்த இரட்டைச் சுமையைத்தான் தமிழும் மலையாளமும் வேறு வேறு வழியில் தூக்குகின்றன.

மலையாளத்தின் 'அபிப்ராயப்பெடுக' பார்வைக்கு எளிமையானது. அபிப்பிராயம் என்ற வடசொல்லோடு 'பெடுக' சேர்ந்திருக்கிறது, அது நம்முடைய 'படு'தான். இந்தப் படுவுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு பெரிய வேலைகள். வினையோடு சேர்ந்தால் செயப்பாட்டு வினையாகும்: செய்யப்பட்டது, எழுதப்பட்டது. பெயரோடு சேர்ந்தால் மனதில் அல்லது உடலில் நேர்வதைச் சொல்லும்: கவலைப்பட்டான், ஆசைப்பட்டாள், பொறாமைப்பட்டார்கள். பொறாமைப்படுகிறவர் ஒன்றும் செய்வதில்லை, பொறாமை அவர்மேல் வந்து படுகிறது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளுக்கு முறையான செயப்பாட்டு வினை இல்லை என்றும், படு என்ற துணைவினைதான் அந்த வேலைக்கு வருகிறது என்றும் எழுதினார். இந்த மொழிகளின் ஆழத்தில் படு என்பது பட்டறிவின் சொல். செயப்பாட்டு வினை அதன்மேல் வந்து ஏறியது.

அப்படியானால் ஒரு மந்திரி 'அபிப்ராயப்பெட்டு' என்னும்போது அவருக்குக் கருத்து நேர்ந்தது என்றா பொருள்? வடிவம் அப்படித்தான் சொல்கிறது, பொருளில் அவர் வாயைத் திறந்து பேசியிருக்கிறார். இங்கே லத்தீனை நினைத்துக்கொள்வது சுவையானது. 'ஒபினாரி' லத்தீன் இலக்கணத்தில் ஒரு தனிக் கூட்டத்தைச் சேர்ந்த வினை. அந்தக் கூட்டத்துக்கு வடிவம் செயப்பாட்டு வினைக்குரியது, பொருள் செய்வினைக்குரியது. பேசு, பின்தொடர், வியப்படை போன்ற பொருள் தரும் பல லத்தீன் வினைகள் அந்தக் கூட்டத்தில் உண்டு. ரோமாபுரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் மொழிக்குடும்ப உறவு எதுவும் இல்லை. ஆனாலும் கருத்துக்கொள்ளுதல் என்ற செயலைச் சொல்ல வந்தபோது இரண்டு இடத்திலும் மொழி, பாதிப்புக்குரிய வடிவத்தையே கையில் எடுத்திருக்கிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருத்து என்பது நாம் முடிவெடுத்துச் செய்யும் காரியம் அல்ல, பார்த்ததும் கேட்டதும் நம்மேல் விட்டுச்செல்வது என்ற பொதுவான அனுபவம் இரண்டுக்கும் அடியில் இருக்கக்கூடும். ஆங்கிலம் அந்த வினையை வாங்கிக்கொண்டபோது வடிவத்தை உதிர்த்துவிட்டது. அதனால் ஒப்பைனில் செய்கிறவர் மட்டும் மிஞ்சினார்.

மலையாளம் இந்த வழியில் இன்னும் ஓரடி முன்னே போயிருக்கிறது. 'ஆவச்யப்பெட்டு' என்று மலையாளச் செய்தி சொன்னால், அவர் கோரினார், வற்புறுத்திக் கேட்டார் என்று பொருள். எதிர்க்கட்சித் தலைவர் விசாரணையை ஆவச்யப்பெடுவார். அதே இரண்டு உறுப்புகளைத் தமிழில் சேர்த்தால் 'அவசியப்பட்டது' என்று வரும், ஆனால் எழுவாய் மாறிவிடும். தமிழில் அவசியப்படுவது பொருள்: பணம் அவசியப்பட்டது, உதவி அவசியப்பட்டது. தமிழில் தேவை நேர்கிறது, மலையாளத்தில் ஆள் கேட்கிறார். திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவிலும் வலியசாலையிலும் இரு மொழியையும் ஒரே மூச்சில் பேசும் தமிழர்களுக்கு இது பழகிய பள்ளம், தாண்டிவிடுவார்கள். நாகர்கோவிலைத் தாண்டி வடக்கேயிருந்து வந்த ஒருவர் மலையாளச் செய்தியை எழுத்துக்கூட்டிப் படித்தால் தலைவருக்கே விசாரணை தேவைப்பட்டதாக எடுத்துக்கொள்வார். சில வேளைகளில் அதுவும் உண்மையாக இருக்கலாம்.

தமிழிலும் அபிப்பிராயப்படு ஒரு காலத்தில் புழங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வந்த பத்திரிகை உரைநடையில் 'என்று அபிப்பிராயப்படுகிறார்' என்பது இயல்பான முடிப்பு. 1916ஐ ஒட்டி மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், அதன்பின் வந்த பத்திரிகை நடை மாற்றமும் அபிப்பிராயத்தை எடுத்துவிட்டுக் கருத்தை வைத்தன. பெயரை மாற்றியவர்கள் வினையையும் மாற்றவேண்டி வந்தது, ஏனென்றால் 'கருத்துப்படு' என்று தமிழ்க் காது ஏற்கவில்லை. ஆகவே கருத்துத் தெரிவித்தார், கருத்துக் கூறினார், கருத்துரைத்தார். இந்த மாற்றத்தில் சத்தமில்லாமல் ஒரு விஷயம் நடந்துவிட்டது. பட்டறிவு போய் அறிவிப்பு வந்தது. அபிப்பிராயப்பட்டவருக்குள் ஏதோ நிகழ்ந்தது. கருத்துத் தெரிவித்தவர் ஏற்கனவே தயாராக வைத்திருந்த ஒன்றை எடுத்து நீட்டுகிறார். இன்றைய அரசியல் பேட்டிகளுக்கு இரண்டாவதே பொருத்தம் என்று ஒருவர் சொன்னால் மறுக்கமாட்டேன்.

நமக்குக் 'கருது' என்ற நல்ல வினை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது வாய்திறப்பதில்லை. 'மந்திரி இப்படிக் கருதுகிறார்' என்று எழுதும் நிருபர் மந்திரியின் மனதுக்குள் போய் வந்ததாக உரிமை கோருகிறார். 'கூறினார்' என்றால் மனதுக்கு உத்தரவாதமில்லை. ஒப்பைன் ஒரே சொல்லில் செய்வதைச் செய்யத் தமிழுக்கு 'எனத் தாம் கருதுவதாகக் கூறினார்' என்று இரண்டு வினை வேண்டியிருக்கிறது. இது தமிழின் ஏழ்மை என்று நான் எண்ணவில்லை. நினைப்பும் சொல்லும் வேறு என்பதை ஒவ்வொரு முறையும் நினைவூட்டும் மொழியில் செய்தி எழுதுவது கடினம், ஆனால் ஏமாற்றுவதும் கொஞ்சம் கடினம்.

இந்த இடத்தில் இரு மொழிகளையும் பிரிக்கும் பழைய கோடு ஒன்று குறுக்கே வருகிறது. ஏ. ஆர். ராஜராஜவர்மா 1896இல் முதற்பதிப்பாக வெளியிட்ட 'கேரளபாணினீயம்' தமிழிலிருந்து மலையாளம் எப்படி விலகியது என்பதை ஆறு விதிகளாக வகுக்கிறது. அவற்றில் ஒன்று, வினையின் இறுதியில் இருந்த இடவிகுதி உதிர்ந்துபோனது. நான், நீ, அவர் என யார் வந்தாலும் மலையாள வினை ஒரே வடிவில் நிற்கும். அபிப்ராயப்பெட்டு என்ற சொல்லை மட்டும் பார்த்தால் யார், எத்தனை பேர், ஆணா பெண்ணா எதுவும் தெரியாது. கருத்துக்கு உரிமையாளரைத் தனியே எழுதினால்தான் உண்டு. தமிழ் வினை உரிமையாளரை வாலில் கட்டிக்கொண்டு திரிகிறது. கருதினான், கருதினாள், கருதினார், கருதினேன். அதோடு நிற்காமல் அவருக்கு எவ்வளவு மரியாதை என்பதையும் அது சொல்லியாக வேண்டும். ஒரு பத்திரிகையில் குற்றம் சாட்டப்பட்டவரின் கூற்று 'கூறினான்' என்றும் வழக்கறிஞரின் கூற்று 'கூறினார்' என்றும் அச்சாவதில், கருத்தின் எடை வினைவிகுதியிலேயே நிறுக்கப்பட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. அதனால்தான் இந்தியர்கள் மரியாதையை விகுதியில் வைக்க வழியில்லாமல் வினையில் வைத்தார்கள் என்று தோன்றுகிறது: பெரியவர் ஒப்பைன் செய்வார், மற்றவர்கள் சொல்வார்கள்.

உரிமையாளரை வாலில் கட்டிய மொழியில் அவரை மறைக்க விரும்பினால் என்ன செய்வது? மறுபடியும் படுவிடம்தான் போகவேண்டும். கருதப்படுகிறது, நம்பப்படுகிறது, சொல்லப்படுகிறது. அஃறிணை ஒருமை விகுதி, பின்னால் ஆளே இல்லை. ஆய்வேடுகளில் இந்த மூன்றும் மலிந்துகிடக்கின்றன, கருதியவர் யார் என்று அடிக்குறிப்பிலும் இருக்காது. பேச்சுத் தமிழ் இந்த விஷயத்தில் நேர்மையானது. வந்தானாம், சொன்னாளாம் என்னும்போது 'ஆம்' என்ற ஒரு அசை, இது என் பொறுப்பில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்று வெளிப்படையாக அறிவித்துவிடுகிறது. மலையாளத்தில் 'அத்ரே' அந்த வேலையைச் செய்கிறது. 'போலும்' சேர்ந்தால் பேசுகிறவருக்கு நம்பிக்கையில்லை என்பதும் தெரிந்துவிடும். தொல்காப்பியரும் தமக்கு முந்திய ஆசிரியர்களின் கொள்கையை 'என்ப', 'மொழிப', 'என்மனார்' என்று பலர்பால் விகுதியோடுதான் எழுதினார். பெயர் இல்லை, ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள். கருதப்படுகிறது என்பதில் ஆட்களும் இல்லை.

கருத்துக்கு ஆளும் வேண்டும், ஆளோடு ஆதாரமும் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த இருவர் திருவனந்தபுரத்தோடு தொடர்புடையவர்கள். ஒருவர் 'மனோன்மணீயம்' சுந்தரம் பிள்ளை. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர், பேரூர்க்கடையில் தம் வீட்டுக்கு ஆசிரியர் ஹார்வியின் பெயரைச் சூட்டி ஹார்விபுரம் என்று அழைத்தவர். அவருடைய மனோன்மணீயம் நாடகம் 1891இல் வந்தது. ஆனால் இங்கே நமக்கு வேண்டியது திருஞானசம்பந்தரின் காலத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு. கால்டுவெல் சம்பந்தரைக் கி.பி. 13ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்திருந்தார். பிற்காலப் பாண்டியன் ஒருவனோடு பெயர்ப் பொருத்தம் கண்டதே அதற்கு முக்கியக் காரணம். சுந்தரம் பிள்ளை கல்வெட்டுகளையும், நூல்களில் ஒன்று மற்றொன்றைக் குறிப்பிடும் இடங்களையும் வரிசையாக அடுக்கி, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிந்தியவராக இருக்க முடியாது என்று காட்டினார். இன்று சம்பந்தரை ஏழாம் நூற்றாண்டில் வைக்காத இலக்கிய வரலாறு கிடையாது. கால்டுவெல்லின் பெயர் பெரியது, பதவியும் பெரியது. சுந்தரம் பிள்ளை அந்தப் பெயரோடு மோதவில்லை, அந்தக் கருத்து எதன்மேல் நிற்கிறது என்று மட்டும் கேட்டார். இதைச் செய்ய அவருக்குத் தொல்லியல் ஆர்வம் துணை நின்றது. திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைக் கல்வெட்டிலிருந்து மீட்டு எழுதியவரும் அவரே.

மற்றவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து இங்கேயே சில ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவர். 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியரானார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இங்கே திரும்பி வந்து திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்குத் தலைமை தாங்கினார். பழந்தமிழ் நூல்களின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளியவர் என்று அவர்மேல் தமிழ்நாட்டில் கடும் கோபம் உண்டு. அவருடைய முடிவுகளில் சில இன்று நிற்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவரை மறுக்கிறவருக்கு ஒரு வசதி உண்டு: எந்தச் சொல்லாட்சியை வைத்து, எந்த நூலின் எதிரொலியைக் கண்டு அந்த முடிவுக்கு வந்தார் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆதாரத்தை ஒவ்வொன்றாக எடுத்து உடைக்கலாம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யப் பழகிய கைக்கு, தன் கருத்தும் அப்படி விசாரிக்கப்படும் என்ற நினைப்பு இருந்திருக்கும். அவரை வைதவர்களில் பலர் எதிர்க்கருத்து மட்டும் சொன்னார்கள், அடிப்படை சொல்லவில்லை. அந்தக் கட்டுரைகளை மறுக்கக்கூட முடியாது, பிடிக்க இடம் வேண்டுமே.

வழக்கறிஞர் என்றதும் சட்டத்துக்கு வந்துவிட்டோம். இந்தியாவில் ஒப்பைன் அதிகம் ஒலிக்கும் இடம் நீதிமன்றம். ஆனால் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அந்த வினையைத் தொடாமலேயே வேலையை முடித்தது. வெளிநாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து அடையாளம் போன்றவற்றில் நீதிமன்றம் ஒரு கருத்தை உருவாக்கவேண்டி வந்தால், அத்துறையில் தனித்திறன் பெற்றவர்களின் கருத்துகள் பொருட்படுத்தத் தக்கவை என்பது அதன் சாரம். விரலடையாளம் 1899இல் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தில் இது 39ஆம் பிரிவு. கவனிக்க: கருத்தை உருவாக்குவது நீதிமன்றம், நிபுணர் தருவது அதற்கான பொருள். நிபுணர் நிகழ்வைக் கண்ட சாட்சி அல்லர், அவர் சொல்வது ஆலோசனைத் தன்மை உடையது என்று ஹிமாச்சலப் பிரதேச அரசுக்கும் ஜெய் லாலுக்கும் இடையிலான வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

தமிழ்நாட்டுப் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் கடைசி வரியைப் பார்த்தவர்களுக்கு அதன் வாய்பாடு தெரியும். இறந்தவர் இன்ன காயத்தால் ஏற்பட்ட அதிர்ச்சியாலும் இரத்தப்போக்காலும் இறந்திருப்பதாகத் தோன்றக்கூடும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதப்படும். தோன்றுகிறது என்பதே ஒரு தயக்கம். தோன்றக்கூடும் என்பது தயக்கத்தின்மேல் தயக்கம். இந்த வரியை எடுத்துக்கொண்டு போலீஸ் அறிக்கையும் பிறகு தீர்ப்பும், டாக்டர் இப்படி ஒப்பைன் செய்தார் என்று எழுதும்போது இரண்டு தயக்கமும் கழன்று விழுகின்றன. வினை ஒரு படி ஏறிவிட்டது, உடல் அதே மேசையில்தான் கிடக்கிறது. இந்த ஏற்றத்தைத் தடுக்கத்தான் 1872இன் சட்டம் 51ஆம் பிரிவையும் வைத்திருந்தது. உயிரோடிருக்கும் ஒருவரின் கருத்து வழக்குக்குப் பொருந்துமானால் அந்தக் கருத்து எந்த அடிப்படையில் பிறந்தது என்பதும் பொருந்தும். நஞ்சு என்று சொன்ன டாக்டர், எந்தச் சோதனையால் அறிந்தார் என்பதையும் கூண்டில் நின்று சொல்லவேண்டும். ஒப்பைன் என்ற வினைக்குள் அடிப்படைக்கு இடம் இல்லை. வினை தராததைச் சட்டம் தனிப் பிரிவு போட்டுக் கேட்டு வாங்குகிறது.

ஒரு நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லாமல் கருத்து மட்டும் சொல்லும் இடமும் நம் அரசியலமைப்பில் இருக்கிறது. அது கேரளத்தின் வாழ்க்கையில் ஒருமுறை பலமாகத் தட்டியது. 1957 ஏப்ரல் 5இல் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் பதவியேற்ற அரசில் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி. அவர் கொண்டுவந்த கல்வி மசோதாவைத் திருவனந்தபுரத்தில் சட்டமன்றம் செப்டம்பர் மாதம் நிறைவேற்றியது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே சம்பளம் தருவதும் நியமனத்தில் கட்டுப்பாடு கொண்டுவருவதும், தேவைப்பட்டால் பள்ளி நிர்வாகத்தை எடுத்துக்கொள்வதும் அதில் இருந்தன. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளின் உரிமை என்னாவது என்ற கேள்வி எழுந்தது. ஆளுநர் மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். ராஜேந்திர பிரசாத் அதற்கு ஒப்புதல் தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 143ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார்.

143ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு சொல்வது, நீதிமன்றம் விசாரித்துத் தன் கருத்தைக் குடியரசுத் தலைவருக்கு அறிக்கையாக அளிக்கலாம் என்பது. அளிக்கவேண்டும் என்று இல்லை. அயோத்தி குறித்து 1993இல் கேட்கப்பட்ட கேள்விக்கு 1994இல் நீதிமன்றம் பதில் சொல்ல மறுத்தது இந்த 'லாம்' தந்த உரிமையால்தான். ஆனால் சொல்வதென்று முடிவுசெய்தால் 145ஆம் பிரிவு இரண்டு நிபந்தனை போடுகிறது. கருத்தைத் திறந்த நீதிமன்றத்தில் வெளியிடவேண்டும். அமர்ந்திருக்கும் நீதிபதிகளில் பெரும்பான்மையினர் அதற்கு உடன்பட வேண்டும், உடன்படாத நீதிபதி தன் மாறுபட்ட கருத்தைத் தரலாம். இது ஒப்பைனுக்குச் சட்டம் எழுதிக்கொடுத்த இலக்கணம் எனலாம். எழுவாய் பன்மை, மறுப்பவருக்குத் தனி எழுவாய், கேட்போர் அவை கட்டாயம்.

1958 மே 22இல் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் பெரும்பான்மையின் கருத்தை வாசித்தார். மசோதாவின் பெரும்பகுதி தப்பியது. சில பிரிவுகள் சிறுபான்மையினர் பள்ளிகள்மேல் பாயும் அளவுக்குச் செல்லாது என்றார்கள். சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்த உரிமை உண்டென்றால் அந்தப் பள்ளிக்கு அங்கீகாரமும் வேண்டும், ஏற்கவே முடியாத நிபந்தனை போட்டு அங்கீகாரத்தை மறுத்தால் உரிமை வெறும் பெயராகிவிடும் என்பது அந்தத் தரப்பின் அடிப்படை. டி. எல். வெங்கடராம அய்யர் இதில் மாறுபட்டார். கர்நாடக இசை உலகமும் நன்கறிந்த அவர், பள்ளியை நிறுவி நடத்தும் உரிமையைத்தான் அரசியலமைப்பு தருகிறது, அரசின் அங்கீகாரத்தைப் பெறும் உரிமையை அது தரவில்லை என்று எழுதினார். இரண்டு தரப்பும் தங்கள் அடிப்படையை முழுக்க எழுதிவைத்திருக்கின்றன. பிற்காலத்தில் சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் விசாரித்த வழக்குகள் 1958இன் கருத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்வந்தன. சட்டப்படி அது ஒரு கருத்து மட்டுமே, இரு தரப்புக்கிடையே தகராறு தீர்த்த தீர்ப்பு அல்ல. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவுக்கு எதிராகக் கர்நாடகம் பிறப்பித்த அவசரச் சட்டம் செல்லாது என்று 1991 நவம்பரில் வந்ததும் இதே 143ஆம் பிரிவின் கருத்துதான். தமிழ்நாட்டில் யாரும் அதை வெறும் கருத்து என்று எடுத்துக்கொள்ளவில்லை.

மசோதா திருவனந்தபுரத்துக்குத் திரும்பி வந்தது. சட்டமன்றம் அதைத் திருத்தி மறுபடி நிறைவேற்றியது, ஒப்புதலும் கிடைத்தது. 1959இல் அது நடைமுறைக்கு வரும்போது தெருவில் அரசுக்கு எதிரான விமோசனப் போராட்டம் மூண்டிருந்தது, ஜூலை 31இல் அரசு கலைக்கப்பட்டது. அந்த மாதங்களின் செய்திகளில் பிஷப்புகளும் நாயர் சமுதாயத் தலைவர் மன்னத்து பத்மநாபனும் மந்திரிகளும் தினமும் அபிப்ராயப்பெட்டுக்கொண்டும் ஆவச்யப்பெட்டுக்கொண்டும் இருந்திருப்பார்கள். அவற்றில் எது எதன் அடிப்படையில் சொல்லப்பட்டது என்று தேடுகிறவர் ஒவ்வொரு தலைவரின் முழுப் பேச்சையும் தேடிப் போகவேண்டும். வினையிலிருந்து ஒன்றும் கிடைக்காது. டில்லியில் சொல்லப்பட்ட கருத்துக்கு அந்தச் சிரமம் இல்லை: யார் சொன்னார்கள், யார் மறுத்தார்கள், எதனால் என்பதெல்லாம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பில் பக்கம் பக்கமாக அச்சில் இருக்கிறது.